மூன்றாவது பச்சை விளக்கு

"இன்னாம்மா, சுத்திக்கினே கீற? எறங்கப் போறியா இல்லியா?"

பின்சீட்டில் இருந்து உலகநாதன் கேட்டதும் சுப்ரஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் எதிரில், சக்கரங்களுக்கான மூன்று விளக்குகளில் இரண்டு பச்சையாக எரிந்தன. இடது சக்கரத்தின் விளக்கு மட்டும் எரிவேனா என்றிருந்தது.

"ஒரு சக்கரம் வெளிய வர மாட்டேங்குது, சார். பயப்படாதீங்க."

சொன்னவளுக்கே பயம்தான். விமானி வேலையில் சேர்ந்து இன்றோடு பத்தே நாள். இப்படியே இறங்கினால் விமானம் குடை சாயும். மூன்று உயிர் அவள் கையில்.

உலகநாதன் படூர்க்காரர். இருபது டிப்பர் லாரிகளுக்குச் சொந்தக்காரர். தரையில் ஓட்டியது போதும் என்று இந்தச் சின்ன விமானத்தை வாங்கிவிட்டார். மனைவி முனியம்மாவுக்கு இன்றுதான் முதல் சவாரி.

"என் லாரி அத்தினியிலயும் எலுமிச்சம்பழமும் மொளகாயும் தொங்குது. ஒரு ஆணி கழண்டதில்ல. நீதான் காலைல எதையும் கட்டக்கூடாதுன்னு இவள தொரத்திட்ட!"

உண்மைதான். செங்கல்பட்டைத் தாண்டி இருக்கும் ஓடுதளத்தில், திருஷ்டிக் கயிறும் கையுமாக வந்த முனியம்மாவிடம், "இது லாரி இல்லம்மா, ஒரு நூல்கூட தொங்கக்கூடாது" என்று கறாராகச் சொல்லியிருந்தாள். அந்தம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, சுப்ரஜா ஆபீசில் கையெழுத்துப் போட்டு வரும்வரை விமானத்தின் நிழலிலேயே உட்கார்ந்திருந்தார்.

இப்போதோ அதே முனியம்மா ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு முட்டுக்காட்டுப் படகுகளை ரசித்துக்கொண்டிருந்தார்.

"தே, படகெல்லாம் பொரி மாதிரி கீது பாருய்யா!"

"உனக்கு பயமே இல்லியாடி?"

"இன்னாத்துக்கு பயம்? ஒண்ணும் ஆவாது. நீ பாட்டுக்கு ஓட்டு, கண்ணு."

சுப்ரஜாவுக்கு வெட்கமாகிவிட்டது. படித்த தனக்கே இத்தனை பயம். இந்தம்மாவுக்கு எத்தனை தைரியம்! இவர் மனசையா காலையில் நோகடித்தோம்?

"அம்மா, நல்லபடியா இறங்கிட்டா நீங்க என்ன வேணா கட்டுங்க. நான் வாயே திறக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா!"

மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்தைத் தாண்டிக் கடலுக்கு மேல் போனாள். உலுக்கினால் சில நேரம் சக்கரம் விழுந்துவிடும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"கெட்டியா பிடிச்சுக்கோங்க!"

விமானத்தைச் சரேலென்று கீழே இறக்கி, வெடுக்கென்று மேலே தூக்கினாள். உலகநாதன் தெரிந்த சாமியை எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டாம் முறையும் அதே கூச்சல்தான். மூன்றாம் முறை, அடியில் 'தடக்' என்று ஒரு சத்தம். மூன்றாவது விளக்கும் பச்சையாக எரிந்தது.

"நான் சொல்லல?" என்றார் முனியம்மா.

கால்மணி நேரத்தில் விமானம் அலுங்காமல் தரையிறங்கியது. சுப்ரஜா முனியம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டாள்.

மெக்கானிக் ஜோஷ்வா விமானத்துக்கு அடியில் தவழ்ந்து போய், இடது சக்கரம் மடங்கும் பொந்துக்குள் கையை விட்டுத் துழாவினான். எதையோ பிய்த்து எடுத்துக்கொண்டு வந்தான்.

"சக்கரத்த எறங்க வுடாம இதான் மேடம் சிக்கிக்கினு இருந்திச்சு."

அவன் கையில் அறுந்துபோன கறுப்புக் கயிறு, ஐந்து பச்சை மிளகாய், சக்கையாக நசுங்கிய ஓர் எலுமிச்சம்பழம்.

எல்லோரும் முனியம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீ கோச்சிக்குவியேன்னுதான் கண்ணு, வெளிய தெரியாம உள்ளார தள்ளிக் கட்டுனேன்!"