இளவரசரின் பிடிவாதம்

லொங்குய் நகரிலிருந்து மொன்றியலில் உள்ள மாதா கோயிலுக்கு மெட்ரோ ரயிலில் போகும்போது, பல்கலைக்கழகத்தில் பேசுவதற்குத் தயாரித்த கதையைச் சாருஜா அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"பழைய காலத்துப் பிரெஞ்சு இளவரசர் ஒருத்தர், அப்பா. சரியான பக்திமான். கட்டின இளம் மனுசி செத்தாப்பிறகு, அரண்மனைய விட்டுட்டு மடத்தில போய் இருந்தவர்."

"நல்ல மனுசன்," என்றார் அருள்ராசா.

"கேளுங்களன். கடைசிக் காலத்தில, ஒருத்தரும் சாகிறதே இல்ல எண்டு பிடிவாதம். ஆர் செத்த செய்தி வந்தாலும் நம்பமாட்டாராம்."

அருள்ராசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முழு விசர்! பக்கத்தில இருந்த ஆக்கள் எடுத்துச் சொல்லயில்லையா?"

"சொன்னா கோவம் வருமாம்," என்று சாருஜா அவர் முகத்தையே பார்த்தாள்.

மரித்த ஆன்மாக்களை நினைக்கும் நவம்பர் மாதமானபடியால் கோயில் வாசல் மேசையில் இரண்டு தாள்கள் கிடந்தன. ஒன்று மரித்தவர்களின் பெயர் எழுத, மற்றது நோயாளிகளின் பெயர் எழுத. பூசையில் சாமியார் இரண்டையும் வாசிப்பார். அருள்ராசா நோயாளிகளின் தாளை இழுத்து, வழக்கம்போல மனைவி றெஜினாவின் பெயரை முத்து முத்தாக எழுதினார்.

சாருஜா அவர் கையைப் பிடித்தாள். "அப்பா, நத்தார்ப் பண்டிகைக்கு மட்டக்களப்புக்குப் போன அம்மாவச் சுனாமி கொண்டுபோய் மூண்டு வருசமாகப் போகுது. இந்த முறையாவது மற்றத் தாள எடுங்க."

அருள்ராசாவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பிறகு, பாவம், தாயைக் காணாமல் ஏங்கும் பிள்ளை என்று குரலைத் தாழ்த்தினார்.

"கடல்தண்ணி கனக்கக் குடிச்சவள், புள்ள. சுகமாக நாளெடுக்கும்."