பாதியில் விட்டுப் போனவர்

ஒரே கணினிக்குள் பல கணினிகளை ஓட்டும் ஹைப்பர்வைசர் மென்பொருள் அது. புதிதாக வந்த டீம் லீடர், அதற்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தவளின் திரையைப் பார்த்து எரிந்து விழுந்தார்.

"உள்ளே ஓடுற கணினிக்கு மெமரியை ஒதுக்குற ஃபங்ஷன் இருக்கு. திரும்ப விடுவிக்கிற ஃபங்ஷன் எங்கேம்மா?"

"இனிமேதான் சார் எழுதணும்."

"இதை எழுதினது நீங்களா?"

"இல்ல சார். முன்னாடி இந்த சீட்ல இருந்தவர்."

"ஒரு போன் போட்டுக் கேளுங்க."

"எடுக்க மாட்டார்."

"நல்ல ஆளுதான்! இப்படியா அம்போன்னு பாதியில விட்டுட்டுப் போவாங்க?"

"நானும் அதையேதான் கேட்டுக்கிட்டிருக்கேன் சார்."

அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"என் வீட்டுக்காரர்தான். தவறிப்போய் இன்னியோட இருபது நாள்."