பின் சீட்டில் ஒரு காது

“அவளா ஓட்டணும்? லைசென்ஸ் வாங்கி மூணு வருஷம் ஆச்சு. இன்னும் எங்க தெருமுனையைத் தாண்டினதில்லைங்க.”

ஒர்க்‌ஷாப்பில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார் கணவர், ‘காரை அக்கா ஓட்டுவாங்களா?’ என்று மெக்கானிக் கேட்டதற்கு. மனைவி கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “சத்தம் எப்படி சார் வருது?”

“வேகம் எடுத்தா ‘உய்ய்ங்’னு வருது. காதுக்குள்ள கொசு புகுந்த மாதிரி.”

“அப்ப ஓட்டித்தான் பார்க்கணும். நான் முன்னாடி உட்கார்ந்து இன்ஜினைக் கேக்கறேன். நீங்க பின் சீட்டுல காதை வெச்சு பின் சக்கரத்தைக் கேளுங்க. அக்கா ஓட்டட்டும்.”

“நான் ஓட்டறேன். அவ பின்னாடி கேக்கட்டும்.”

“கொசுன்னு கரெக்டா சொன்னீங்க பாருங்க, அந்தக் காது எனக்குப் பின்னாடி வேணும். இன்னொண்ணு, பேசினா சத்தம் அமுங்கிடும். நான் சொல்ற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது.”

“எதிர்ல எவனாவது வந்தா?”

“நான் கத்தறேன்.”

மனைவி தயங்கினாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. புதுக் கிளைக்கு அவளையே பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவள்தான் திறக்க வேண்டும். பஸ் போகாத இடம். ‘என்னால் முடியாது’ என்று எழுதிய கடிதம் கைப்பையிலேயே இருந்தது.

ஓட்டத் தெரியாமல் இல்லை. ஸ்டீயரிங்கைத் தொட்டதுமே பக்கத்து சீட்டில் கணவர் ஆரம்பித்துவிடுவார். “பிரேக், பிரேக். கிளட்ச்சை விடு. கண்ணாடியைப் பாரு. என்னை ஏன் பார்க்கறே?” அஞ்சு நிமிஷத்தில் இறங்கிவிடுவாள்.

இன்று கணவர் முணுமுணுத்தபடியே பின் சீட்டில் மடங்கிப் படுத்தார்.

முதல் திருப்பத்திலேயே வண்டி அணைந்துவிட்டது. பின்னால் நாலு ஹாரன். அவள் தோளைக் குறுக்கிக்கொண்டு அந்தக் குரலுக்காகக் காத்திருந்தாள்.

வரவில்லை.

அவளே சாவியைத் திருப்பினாள். வண்டி கிளம்பியது.

“மூணாவது கியர்ல போங்க,” என்றார் மெக்கானிக். “ம்... உய்யுங்குது. அதே வேகத்துல நாலுக்கு மாத்துங்க.”

மாற்றினாள். உச்சத்தில் இருந்த சத்தம் சட்டென்று இறங்கியது.

“சக்கரமா இருந்தா வேகத்தோட சேர்ந்து அப்படியே இருக்கும். கியர் மாத்தினதும் இறங்குதுன்னா இன்ஜின் பக்கம்தான். எதுக்கும் பாலத்துல ஏத்திப் பார்த்துடலாம்.”

பாலத்தில் ஒரு லாரி அவள் பக்கம் ஒதுங்கி வந்தது. மெக்கானிக் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அவள் ஹாரன் அடித்து, நிதானமாக விலகி, அதைத் தாண்டியும் போனாள். இறக்கத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இன்னொரு சுத்து போகலாமாங்க?” என்று கேட்டாள். போனார்கள்.

திரும்பி வந்து, இரண்டு வேன்களுக்கு நடுவே ரிவர்ஸில் சொருகி நிறுத்தினாள்.

“ஏங்க, எழுந்திருங்க. வந்தாச்சு.”

கணவர் எழுந்தார். கன்னம் முழுக்க சீட்டின் தையல் பதிந்திருந்தது. “பின்னாடி ஒண்ணும் கேக்கல,” என்றார்.

மெக்கானிக் பானெட்டைத் திறந்து, வழவழவென்று தேய்ந்துபோயிருந்த பெல்ட்டைக் கழற்றிப் புதிதாகப் போட்டார். பத்து நிமிஷம். சத்தம் போயே போச்சு.

“ஏங்க, நான் மட்டும் அந்தப் புது இடம் வரைக்கும் ஒரு தடவை போய்ட்டு வந்துடறேன்,” என்றாள் மனைவி. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கார் கிளம்பி, தெருவைத் தாண்டி மறைந்தது.

மெக்கானிக் ஸ்டூலை இழுத்துப் போட்டார். “உட்காருங்க சார். லாரி வந்தப்ப எனக்கே உயிர் போய்டுச்சு. நீங்க எப்படி சும்மா இருந்தீங்க?”

“கைக்குட்டையைக் கடிச்சுக்கிட்டிருந்தேன்.”

“ஆரம்பத்துல ‘அவளா ஓட்டணும்’னு கேட்டப்ப, ராத்திரிக்குள்ள மனசு மாறிட்டீங்களோன்னு நினைச்சேன்.”

“அப்படிக் கேக்கலேன்னாதான் அவளுக்குச் சந்தேகம் வரும்.”

“நேத்து நீங்க தனியா வந்தப்பவே பெல்ட்டுதான்னு சொல்லிட்டேன். ‘இன்னிக்கு மாத்தாதீங்க, நாளைக்கு அவளைக் கூட்டிட்டு வரேன், எப்படியாவது என் வாயை மட்டும் மூடிடுங்க’ன்னு நீங்க கெஞ்சினதை அக்காகிட்ட சொல்லியிருக்கலாமே சார்?”

கணவர் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டார். “சொன்னா, நான் ஓட்ட வெச்சதா ஆயிடும். அவளா ஓட்டினதாவே இருக்கட்டும்.”