மூன்றடி வாசல்

நான்காவது முளையின் மேல் அந்தப் பெண்ணின் கால் இருந்தது.

முளை அடிக்க வந்தவள் சுத்தியலைத் தரையில் வைத்தாள்.

மூன்று நாளாக இதுதான் நடக்கிறது. சாயங்காலம் அடித்துவிட்டுப் போகும் முளைகள் காலையில் இருப்பதில்லை. நேற்று, விரித்து வைத்த வரைபடத்தின் மேல் மீன் கழுவிய தண்ணீர் விழுந்தது. எந்த மாடியிலிருந்து என்று தெரியவில்லை. அண்ணாந்து பார்த்தபோது எல்லா மாடியிலும் ஆட்கள் நின்றார்கள்.

இன்றும் நிற்கிறார்கள்.

மைதானத்துக்கு இந்தப் பக்கம் பழைய மூன்று மாடி பிளாக். அந்தப் பக்கம் புது அடுக்ககம். நடுவில் வரப்போகும் பூங்காவை வரைந்தவள் அவள். எட்டு மாத வேலை.

பதினோரு மணிக்கு வாசல் தூண்களுக்குக் காங்கிரீட் வரும்.

மணி பத்தரை.

"காலை எடுங்கக்கா."

எடுக்கவில்லை.

டேப்பின் நுனியைப் பிடித்திருந்த கோதண்டம் குனிந்து முணுமுணுத்தான். "ரெஜினா, மேடம். மூணாவது மாடி. வாய் குடுக்காதீங்க."

ரெஜினாவுக்குக் காது கூர்மை. கோதண்டத்தை ஒரு பார்வை பார்த்தாள். அவன் டேப்பைத் துடைக்க ஆரம்பித்தான்.

"கேட்டு எத்தினி அடி?"

"மூணு அடி. உள்ளே ஒரு வளைவு. வண்டி வராம இருக்கத்தான்."

அடுக்ககச் சங்கம் கேட்டது அது. ஆனால் வளைவு அவளுடைய யோசனை. பைக் நிறுத்தும் இடமாகிப்போன பூங்காக்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அந்த வளைவைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ரெஜினா மாடிகளைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏய், கேட்டுக்கோங்க. நம்ம காரையெல்லாம் வெளிய நிறுத்தணுமாம்."

மாடிகள் சிரித்தன.

சிரிப்பு அடங்கியது. யாரும் உள்ளே போகவில்லை.

ரெஜினா முளையிலிருந்து காலை எடுத்தாள். கோதண்டத்தின் கையிலிருந்த டேப்பைப் பிடுங்கினாள். நுனியை மட்டும் அவனிடம் விட்டு மண்ணில் நீளமாக இழுத்தாள்.

"ஏழு."

குறுக்கே போட்டாள்.

"மூணு. தூக்கறவன் ரெண்டு பக்கமும் நிக்கணும். இப்ப சொல்லு. உன் வளைவுல ஐஸ் பொட்டி எப்டித் திரும்பும்?"

எந்தப் பெட்டி என்று கேட்க வாயெடுத்தாள்.

குனிந்து கீழே பார்த்தாள்.

காலடியில் நான்கு குழிகள் இருந்தன. பந்தல் கால் அகலத்துக்கு, பாதி மண் மூடியவை. அளவெடுத்த அன்று அவற்றை வலைப்பந்துக் கம்பங்களின் குழிகள் என்று குறித்திருந்தாள். ஒரு குழியில் சாமந்தி இதழ்கள் கருகிக் கிடந்தன.

"படிக்கட்டுல பொணம் திரும்பாது," என்றாள் ரெஜினா. "எங்க மாமியாரை பிளாஸ்டிக் சேர்ல உக்கார வெச்சுக் கட்டித்தான் எறக்குனோம். இங்க வந்துதான் அது படுத்துச்சு."

யார் எங்கே உட்காருவார்கள், யார் எங்கே நடப்பார்கள், எந்த மணிக்கு நிழல் எங்கே விழும், எல்லாம் வரைபடத்தில் இருந்தது.

அவள் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேல பாரு."

மூன்றாவது மாடி. ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் ஒரு மனிதர். மூக்கில் குழாய். அவர் அவளைப் பார்க்கவில்லை. முளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் வூட்டுக்காரரு. அடுத்தது அவருதான்." ரெஜினா குரலைத் தணிக்கவில்லை. "லாரி ஓட்டுனவரு. மொத நாளே சொல்லிட்டாரு, அகலம் பத்தாதுன்னு. முளையைப் புடுங்கச் சொன்னதும் அவருதான். போய் எழுதிக் குடு, போ."

அவளுடைய போன் அடித்தது. சங்கச் செயலாளர். எதிர்ப்பக்கப் பால்கனியில், கையில் காப்பி டம்ளரோடு நின்று அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எடுக்கவில்லை.

அது அடித்து ஓய்ந்தது.

கையெழுத்தான வரைபடத்தில் வாசல் மூன்றடி. மாற்றினால் காரணம் எழுத வேண்டும். அந்தக் காரணத்தை எழுதினால் யார் கையெழுத்துப் போடுவார்கள்?

அவள் குனிந்து முளையைப் பிடுங்கினாள்.

ஓரடி தள்ளி ஊன்றினாள். அண்ணாந்து பார்த்தாள்.

கம்பிகளுக்கு வெளியே ஒரு கை வந்தது. உள்ளங்கை தன் பக்கம் மடங்கியது, இரண்டு முறை. பின்னோக்கி வரும் லாரிக்குக் காட்டுவதுபோல.

இன்னும் ஓரடி.

கை மடங்கியது.

தெருமுனையில் காங்கிரீட் வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. போன் மறுபடி அடித்தது.

இன்னும் ஓரடி. கோதண்டம், "மேடம்," என்றான்.

கை மடங்கியது. இம்முறை மெதுவாக, ஒரே ஒரு முறை.

அவள் அரையடி நகர்த்தினாள்.

கை விரிந்து நின்றது.

ரெஜினா வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முளையை இரண்டு கையாலும் நேராகப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"பூச்செடி மட்டும் வேணாம். பறிச்சுட்டோம்னு அதுக்கும் எங்களைத்தான் சொல்லுவீங்க."

அவள் சுத்தியலை எடுத்தாள்.

மேலே, மூன்றாவது மாடியில், ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது.