மழையில் ஒரு மாளிகை

மூக்காயி என்ற எலி அந்த மழைக்காலத்தில் மூன்றாவது முறையாக வளை மாறிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் சடையனுக்குப் பழைய மாளிகைகளின் புகைப்படங்களைச் சேர்க்கும் பித்து. வளைக்குள் தண்ணீர் புகும்போதெல்லாம் அந்தப் படக்கட்டு அவள் முதுகில்தான் ஏறும்.

"பாத்து நட, ஓரம் மடங்குது," என்றான் சடையன்.

அவளுக்குக் கால் ஓய்ந்துவிட்டது. "ஏங்க, இதுல ஏதாவது ஒரு வீட்டுக்கே போயிடலாமே?"

"எல்லாத்தையும் இடிச்சிட்டாங்க. அதனாலதானே படத்துக்கு இவ்வளவு மதிப்பு!"

மழை வலுத்தது. பின்னால் வந்த அவர்களின் குட்டிகள் நடுங்கின. மூக்காயி படக்கட்டைப் பிரித்து, இருப்பதிலேயே பெரிய மாளிகையை உருவிக் குட்டிகளின் தலைக்குமேல் பிடித்தாள். படம் நனைந்து தொய்ந்தது.

சடையன் தொய்ந்த ஓரத்தைப் பார்த்தான். பிறகு வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.