எழுதாத பேனா

"இன்னும் ரெண்டு அடிச்சுக்கோ. எதுக்கும் இருக்கட்டும்."

அண்ணன் சொன்னதும் தங்கச்சி இன்ஹேலரை மறுபடி வாயில வெச்சா. ஏற்கனவே ரெண்டு பஃப். இப்ப மூணு, நாலு. மூச்சு வாங்கக்கூட இடைவெளி இல்ல!

"டாக்டர் ரெண்டுதான் சொன்னாருண்ணா. இப்ப நல்லாத்தான் இருக்கு."

"நடுவுல வீசிங் வந்துட்டா? இது மூணாவது டெஸ்ட். நாளைக்கு லைசென்ஸ் காட்டலன்னா பேக்கரி வேன் வேலை வேற ஆளுக்குப் போயிடும். ஞாபகம் இருக்குல்ல?"

ஞாபகம் இருந்துச்சு. அதான் பிரச்சனையே.

மைதானத்துல கார் நின்னுச்சு. உள்ள சிவப்பு மை. டிரைவிங் டெஸ்ட் எடுக்கிற ஆபீசருக்கு அங்க எல்லாரும் வெச்சிருந்த பட்டப்பேரு அது. காலையிலேருந்து ஆறு பேரு ஏறினாங்க. அஞ்சு பேரோட பாரத்துல சிவப்பு மையில பெயில்!

அவ ஏறி உக்காந்தா. சீட் பெல்ட்டை இழுத்தா. கொக்கி ஓட்டைக்குள்ள போகல. மறுபடி குத்தினா. போகல.

நெஞ்சு அடிக்கிற சத்தம் அவளுக்கே கேட்டுச்சு.

ஆபீசர் அவ கையைப் பார்த்தாரு. சட்டைப் பையில நீட்டிக்கிட்டிருந்த நீல இன்ஹேலரைப் பார்த்தாரு. அப்புறம் பேனாவை ரெண்டு உதறு உதறினாரு.

"பேனா எழுதல. இறங்கு. கடைசி ஆளா வா."

"சார்... என் முறை சார்."

"மூச்சு விட கஷ்டமா இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப போய் நிழல்ல உக்காரு."

அண்ணன் ஓடி வந்தான். "இந்தாங்க சார், என் பேனா."

"எனக்கு என் பேனாவுலதான் எழுத வரும்."

"அது எப்ப சார் எழுதும்?"

"அரை மணி நேரம் ஆகும். தள்ளுப்பா, அடுத்த ஆள் வரட்டும்."

பெஞ்சுல உக்காந்ததும் அண்ணன் வெடிச்சான். "மூச்சு விட முடியுதான்னு கிண்டல் வேற! ஊரையே பெயில் பண்ணினா மை தீராம என்ன பண்ணும்?"

"மெதுவா பேசுண்ணா."

"அங்க பாரு! அடுத்தவனுக்கு அதே பேனாவுல எழுதறான். உனக்குன்னா மட்டும் எழுதாதாமா? கவர் எதிர்பார்க்கறான். இரு, மேலிடத்துக்கு ஒரு புகார் தட்டி விடறேன்."

போனை எடுத்து தட்ட ஆரம்பிச்சுட்டான்.

"வேணாம்ணா. அப்புறம் கண்டிப்பா பெயில்தான்."

"பதறாத. இன்னொரு பஃப் அடி, சரியாயிடும்."

அவ கை பைக்குப் போச்சு. கார்லேருந்து ஒரு அதட்டல். "ஏம்மா! சும்மா உக்கார முடியாதா உன்னால?"

கை அப்படியே நின்னுடுச்சு. அண்ணனுக்கு மூஞ்சி சிவந்துடுச்சு. "பொம்பளைப் புள்ளைகிட்ட பேசற பேச்சா இது!" விரல் இன்னும் வேகமா ஓடுச்சு.

ஒருத்தர் போனாரு. பெயில். இன்னொருத்தங்க. பெயில். மூணாவது ஆள் அழுதுகிட்டே இறங்கினான்.

"கடைசி ஆள்!"

அவ ஏறினா. கொக்கி முதல் தடவையே 'டக்'னு மாட்டிக்கிச்சு.

அண்ணன் கம்பி வேலியைப் பிடிச்சுகிட்டு நின்னான். கார் மேடு ஏறுச்சு. நின்னுச்சு. பின்னாடி உருளவே இல்ல! ரிவர்ஸ்ல ரெண்டு கம்பத்துக்கு நடுவுல நேரா வந்துச்சு. என்ஜின் அணைஞ்சுது. ஆனா கதவு மட்டும் திறக்கவே இல்ல. உள்ள ஆபீசர் ஏதோ சொல்லிகிட்டே இருந்தாரு.

ஒரு வழியா இறங்கி வந்தா. கையில சீட்டு. பாஸ்!

"எவ்வளவு கேட்டான்?"

"ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. டாக்டர் எத்தனை பஃப் சொன்னாரு, நீ எத்தனை அடிச்சேன்னு."

"அவனுக்கு எதுக்கு அது?"

"தேவைக்கு மேல அடிச்சா கை நடுங்குமாம், நெஞ்சு படபடக்குமாம். அடங்கக் கொஞ்ச நேரம் ஆகுமாம். அப்பவே வண்டியைக் கிளப்பியிருந்தா பெயில்னு எழுதியிருக்கணுமாம். மருந்துன்னு காரணம் எழுதினா டெஸ்ட் அடுத்த மாசத்துக்குப் போயிடுமாம்."

அண்ணன் போனைப் பார்த்தான். புகார் முக்கால்வாசி முடிஞ்சிருந்துச்சு.

"அப்ப... அந்தப் பேனா?"

"அதுலதான் இப்ப கையெழுத்துப் போட்டேன். பேனாவுக்கு ஒண்ணும் இல்லண்ணா. 'எதுக்கும் இருக்கட்டும்'னு நீ அடிக்கச் சொன்ன அந்த ரெண்டு பஃப்ல, என் கைதான் ஆடிகிட்டு இருந்துச்சு."