தினமும் தொலையும் சம்பந்தி

“இன்னிக்கும் அத்தைக்கு வழி மறந்துடுச்சா?” கதவைத் திறந்ததும் கேட்டாள் மருமகள்.

“நல்லவேளை, நான் கூட இருந்தேன். பேக்கரி சந்து வழியா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன்” என்றாள் அவளுடைய அம்மா, பெருமையாக. முழங்கால் வலி என்று சோபாவை விட்டு எழாதவள், மூன்று மாதமாகச் சம்பந்திக்குத் துணையாக தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறாள்.

மாமியார் தலை குனிந்தபடி செருப்பைக் கழற்றினாள்.

இதை இப்படியே விட முடியாது. வேண்டாம் வேண்டாம் என்ற மாமியாரை அன்று மாலையே டாக்டரிடம் இழுத்துப் போனாள் மருமகள்.

டாக்டர் மாமியாரைப் பார்த்ததும் சிரித்தார். “வாங்கம்மா! உங்க சம்பந்தி ஒழுங்கா நடக்கறாங்களா?”

“அம்மாவா? அம்மாவுக்கு என்ன?” மருமகள் விழித்தாள்.

மாமியார் அவள் கையைப் பற்றிக்கொண்டாள். “உங்கம்மாவுக்கு மறதி ஆரம்பிச்சிருக்கும்மா. ரெண்டு தடவை அடுப்பை அணைக்காம விட்டுட்டாங்க. சும்மா செக்கப்னு சொல்லி இங்கே கூட்டிட்டு வந்தேன். தினமும் நடக்கணும், மூளைக்கும் வேலை கொடுக்கணும்னார் டாக்டர். தனக்குன்னா உங்கம்மா அசைய மாட்டாங்க. எனக்குன்னா ஓடி வருவாங்க. அதான் தினம் ஒரு தெருவுல தொலைஞ்சு போறேன். வீட்டைக் கண்டுபிடிக்கறது அவங்க பொறுப்பு.”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அத்தை?”

“சொன்னா அழுவே. உன் முகத்தை வச்சே அவங்க தெரிஞ்சுக்குவாங்க.”

மறுநாள் காலை இருவரும் கிளம்பும்போது மருமகள் வாசல் வரை வந்தாள். அழவில்லை.

“அம்மா, அத்தைக்கு மறதி ஜாஸ்தியாயிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டார். அவங்க கையை மட்டும் விட்டுடாதே.”